மூலச் சான்றுகளைக் கொண்டு வரலாறு கற்பிப்பது எப்படி? ஓர் எளிய அறிமுகம்

போர்க்காலத்தில் சிங்கப்பூரில் நடந்த ஜப்பானியர் ஆட்சியில் பணம் மதிப்பிழந்தது, விலைவாசி ஏறியது என்று பாடநூல் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. மாணவர் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடலாம். அதே மாணவரிடம் அக்காலத்துப் பத்து வெள்ளி (டாலர்) நோட்டு ஒன்றைக் கொடுங்கள். ஐந்து நிமிடம் எதையும் விளக்காமல், கண்ணில் படுவதையெல்லாம் சொல்லச் சொல்லுங்கள்.

முதலில் வாழை மரம் தெரியும். குலை தள்ளிய மரம். வாழைமர நோட்டு என்று மக்கள் அதை அழைத்தது இதனால்தான். அடுத்து எழுத்து. கேட்டவுடன் பத்து வெள்ளி தருவதாக ஜப்பானிய அரசாங்கம் உறுதியளிக்கிறது என்று பெரிய ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். ஆங்கிலேயரை விரட்டிவிட்டோம் என்று முழங்கிய ஆட்சி ஏன் ஆங்கிலத்தில் பணம் அச்சிட்டது? வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை இதைக் கேட்டுவிடும். இன்னும் உற்றுப் பார்த்தால், பணத்தாளில் வழக்கமாக இருக்கும் வரிசை எண்ணைப் பல நோட்டுகளில் காண முடியாது. ‘எம்’ என்று தொடங்கும் எழுத்துகள் மட்டுமே இருக்கும். அந்த ‘எம்’ மலாயாவைக் குறிப்பது. எண்ணே இல்லையென்றால் எத்தனை நோட்டு அச்சாகிறது என்று யார் கணக்கு வைப்பது? கணக்கில்லாமல் அச்சடித்துக்கொண்டே போனால் கடைத்தெருவில் என்ன நடக்கும்? இந்தக் கேள்வி எழுந்துவிட்டால், பணவீக்கத்தைப் பற்றி ஆசிரியர் சொல்லவேண்டியதில் பாதியைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

மூலச் சான்றைக் கொண்டு கற்பிப்பது என்றால் இதுதான். வழக்கமான பாடத்தில் கதையை முதலில் சொல்லிவிட்டு, படத்தைக் கடைசியில் அலங்காரமாகக் காட்டுகிறோம். இங்கே பொருள் முன்னால் வருகிறது. அது கிளப்பும் கேள்விகளுக்குப் பதிலாகக் கதை பின்னால் வருகிறது. அசல் நோட்டு கிடைக்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம். நினைவுப்பொருளாக விற்கும் நகலே போதும். நகல் என்பதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அசலையும் நகலையும் எப்படிப் பிரித்தறிவது என்பதே அவர்களுக்கு இன்னொரு நல்ல பாடம்.

எது மூலச் சான்று?

ஒரு காலத்தில் வாழ்ந்தவர்கள் உண்டாக்கி, நம் கைக்கு வந்து சேர்ந்த எதுவும் அந்தக் காலத்துக்கு மூலச் சான்று. கடிதம், கணக்கேடு, வரைபடம், செய்தித்தாள், புகைப்படம், கல்வெட்டு, கல்யாணப் பத்திரிகை, உடைந்த பானை ஓடு என எதுவாகவும் இருக்கலாம். நேரில் கண்டவர் பின்னாளில் வாயால் சொல்வதும் இதில் சேரும். இவற்றையெல்லாம் ஆராய்ந்து வேறொருவர் பிறகு எழுதுவது இரண்டாம் நிலைச் சான்று. பாடநூல் அந்த வகை. இந்தக் கட்டுரையும் அந்த வகைதான்.

இந்த வரையறையைப் பிள்ளைகள் எளிதில் பிடித்துக்கொள்வார்கள். பிடிபடாமல் நழுவுவது இன்னொன்று: ஒரே பொருள், நாம் கேட்கும் கேள்வியைப் பொறுத்து இரண்டு வகையிலும் சேரலாம். எஸ்பிளனேட் பூங்காவில் இந்திய தேசிய ராணுவ நினைவுச்சின்னம் இருந்த இடத்தைக் குறிக்கும் பலகை ஒன்று இருக்கிறது. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டிய சின்னம் அது. அதே ஆண்டு செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை இடித்துத் தள்ளினார்கள். தேசிய மரபுடைமைக் கழகம் 1995இல் அங்கே நினைவுப் பலகையை வைத்தது. 1945இல் என்ன நடந்தது என்று கேட்டால் அந்தப் பலகை இரண்டாம் நிலைச் சான்று. 1995இல் சிங்கப்பூர் தன் கடந்தகாலத்தில் எதை நினைவில் வைத்துக்கொள்ள விரும்பியது என்று கேட்டால் அதே பலகை மூலச் சான்று. பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்தி இந்த இரண்டு கேள்விகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், வரையறையை எத்தனை முறை எழுதவைத்தாலும் புரியாதது அங்கேயே புரிந்துவிடும்.

நம்பலாமா என்று கேட்பதற்கு முன்

நம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. வரலாறு, சமூகவியல் தேர்வுகளில் சான்றுகளைக் கொடுத்துக் கேள்வி கேட்கும் பகுதி இருக்கிறது. அது நல்ல விஷயம். ஆனால் தேர்வுப் பழக்கத்தில் ஒரு சங்கடமும் வந்துவிடுகிறது. தாளைப் பார்த்ததுமே “இது நம்பகமானதா, இல்லையா” என்று முத்திரை குத்தப் பிள்ளைகள் துடிக்கிறார்கள். ஒருதலைப்பட்சமானது என்று எழுதிவிட்டால் மதிப்பெண் வந்துவிடும், வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வேலை அங்கேதான் தொடங்குகிறது என்பதே என் திடமான கருத்து.

போர்க்காலச் செய்தித்தாளை எடுத்துக்கொள்வோம். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. ஒரு வாரத்துக்குள் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸின் இடத்தில் ஜப்பானியர் கட்டுப்பாட்டில் ஓர் ஆங்கில நாளிதழ் வெளிவரத் தொடங்கியது. பின்னர் அது ஷோனான் ஷிம்பன் ஆனது (ஷோனான் என்பது ஜப்பானியர் சிங்கப்பூருக்கு வைத்த பெயர்). போர்முனைச் செய்திகளுக்கு அதை நம்ப முடியாது. தோல்விகூட அதில் வெற்றியாகவே வரும். ஆனால் அதே இதழின் உள்பக்க அறிவிப்புகளைப் படித்தால் வேறோர் உலகம் தெரிகிறது. பங்கீட்டு அட்டை, விலைக் கட்டுப்பாடு, பொருளைப் பதுக்குவோருக்கு எச்சரிக்கை, ஜப்பானிய மொழிப் பாடம். பதுக்காதே என்று அரசாங்கம் திரும்பத் திரும்ப மிரட்டுகிறது என்றால் ஊரில் பதுக்கல் நடந்துகொண்டிருக்கிறது, பொருள் கிடைக்கவில்லை. பிரசாரத்துக்காக நடத்தப்பட்ட இதழ், தான் சொல்ல நினைக்காததையும் சொல்லிவிடுகிறது. ஆகவே “இதை நம்பலாமா” என்று மொட்டையாகக் கேட்பதில் பயனில்லை. “எந்தக் கேள்விக்கு இதை நம்பலாம்” என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

இந்தப் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் ‘நியூஸ்பேப்பர் எஸ்ஜி’ இணையத்தளத்தில் இருக்கின்றன, வீட்டிலிருந்தே பார்க்கலாம். தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே உண்டு. ஓர் எச்சரிக்கை: பழைய அச்சைக் கணினி படித்து எழுத்தாக்கும்போது பிழைகள் மலிந்துவிடும். தேடியும் ஒரு பெயர் அகப்படவில்லை என்றால் அந்தப் பெயர் இதழில் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தேதியை ஊகித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் புரட்டலில் தேடாத விளம்பரங்களும் திருமண அறிவிப்புகளும் கண்ணில் படுவதே ஒரு தனிப் பேறு.

எண் ஒன்று, கேள்வி நூறு

1824 ஜனவரியில் சிங்கப்பூரில் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. மொத்தம் 10,683 பேர். மலாய்க்காரர் 4,580, சீனர் 3,317, பூகிஸ்காரர் (சுலாவெசித் தீவினர்) 1,925, இந்தியாவைச் சேர்ந்தவர்கள் 756, ஐரோப்பியர் 74, அர்மீனியர் 16, அரபியர் 15. அவ்வளவுதான், ஏழே வரி. வகுப்புக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

முதல் வேலையாக ஏழு எண்களையும் கூட்டச் சொல்லுங்கள். 10,683 சரியாக வருகிறதா? வருகிறது. சான்றைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் இங்கிருந்து தொடங்கட்டும். பிறகு கட்டங்களைப் பற்றிக் கேளுங்கள். பதினைந்து அரபியருக்கும் பதினாறு அர்மீனியருக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது. 756 பேருக்கு ஒரே கட்டம். அதற்குள் யார் யாரெல்லாம் இருந்திருப்பார்கள்? 1819இல், இங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸுடன் வந்து, செங்கல் சூளை நடத்திய நாராயண பிள்ளை போன்றவர்கள் ஒரு பக்கம். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம் வணிகர்கள் ஒரு பக்கம். படகோட்டிகள், சலவைத் தொழிலாளர்கள், பால்காரர்கள் இன்னொரு பக்கம். எண்ணியவர்களுக்கு இந்த வேறுபாடுகள் தேவைப்படவில்லை. அவர்களுக்கு எது தேவைப்பட்டது, ஏன் என்று கேட்டால் வரி, நிலம், நிர்வாகம் என்று பேச்சு வளரும். 756 என்ற எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இந்தப் பேச்சுக்கு வழியில்லை.

அடுத்த சான்றாக அதே காலத்து வரைபடத்தைக் கொடுக்கலாம். ராஃபிள்ஸ் கேட்டுக்கொண்டபடி லெப்டினன்ட் ஃபிலிப் ஜாக்சன் உருவாக்கிய நகரத் திட்டம் அது. ஐரோப்பியர் பகுதி, சீனர் கம்போங் (குடியிருப்பு), அரபுக் கம்போங், பூகிஸ் கம்போங் என்று ஊரைக் கூறுபோட்டிருக்கும். ஆற்றின் மேல்பகுதியில் சூலியா கம்போங் என்று ஓரிடம் குறிக்கப்பட்டிருக்கும். பிள்ளைகள் உடனே, “அப்படியானால் நம்மவர்கள் அங்கேதான் இருந்தார்களா?” என்று கேட்பார்கள். பதில் சொல்லாமல் அவர்களைத் தெருவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826இல் உருவான ஜாமியா சூலியா பள்ளிவாசல். சில அடி தள்ளி 1827இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில். தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்ட நாகூர் தர்கா. எதுவுமே அந்தக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. தாளில் இருந்தது ஓர் அதிகாரியின் விருப்பம். மக்கள் பிழைப்பும் கடலும் கடையும் எங்கே இருந்தனவோ அங்கே போனார்கள். ஒரு காலை நடையில் முடிந்துவிடும் இந்தப் பாடத்துக்கு, அச்சிட்ட வரைபடத்தையும் நல்ல காலணியையும் தவிர வேறெதுவும் வேண்டாம்.

சான்று பேசாத இடம்

தமிழர்களாகிய நாம் ஒன்றை நேராகப் பார்த்தாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூரைப் பற்றி இன்று கிடைக்கும் அரசாங்க ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஆண்டவர்கள் எழுதியவை. நம் முன்னோர் அவற்றில் எண்ணாகவும், செலவுக் கணக்காகவும், சில வேளை புகாராகவும் வருகிறார்கள். சொந்தக் குரலில் வருவது அபூர்வம்.

இதற்கு மிகக் கனமான எடுத்துக்காட்டு கைதிகள். 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் இங்கே வேலை வாங்கப்பட்டார்கள். சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இப்போது அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவையும் கட்டினார்கள். அவர்களைப் பற்றி விரிவாக எழுதியவர் அவர்களைக் கண்காணித்த அதிகாரி மெக்நேர். அவருடைய நூல் 1899இல் வெளிவந்தது. சிறையை நன்றாக நடத்தினோம் என்று காட்ட நினைத்த ஒருவரின் எழுத்து அது. கைதி என்ன நினைத்தார் என்பதற்கு அதில் இடமில்லை.

அப்படியானால் பிள்ளைகளிடம் என்ன செய்வது? அந்த வெறுமையையே பாடமாக வையுங்கள். இந்தப் பக்கத்தில் யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார், யார் பேசவே இல்லை என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிறகு தேவாலயத்தின் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பூச்சு மதராஸ் சுண்ணாம்பு. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுப் பதமாக்கி, பூசிக் காய்ந்தபின் பளபளக்கும்வரை தேய்த்தெடுக்கும் வேலைப்பாடு. அதைச் செய்தவர்களின் கைத்திறன் எந்தக் கோப்பிலும் கையெழுத்திடவில்லை, சுவரில் இருக்கிறது. காகிதம் மட்டுமே ஆவணம் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு இது பெரிய திறப்பு.

கடைசிவரை வாய் திறக்காத சான்றும் உண்டு. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த பெரிய எழுத்துப் பாறையை 1843இல் பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தார்கள். எஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதில் உள்ள எழுத்தை இதுவரை யாரும் ஐயத்துக்கு இடமில்லாமல் படித்துச் சொல்லவில்லை. அறிஞர்களுக்கே தெரியாத ஒன்றின் முன்னால் நிற்கும்போது பிள்ளைகளின் முகத்தில் வரும் ஆர்வத்தைப் பார்க்க வேண்டும்.

வாய்மொழியும் வீட்டு அலமாரியும்

எழுத்தில் இல்லாததைத் தேடித்தான் வாய்மொழி வரலாறு வந்தது. கேனிங் ரைஸில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம் 1968இல் தொடங்கப்பட்டது. வாய்மொழி வரலாற்றுப் பணி 1979இல் தொடங்கியது. ஆயிரக்கணக்கான நேர்காணல்கள் சேர்ந்துள்ளன. தமிழில் பேசியவர்களின் பதிவுகளும் அவற்றில் இருக்கின்றன. பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். எழுத்துப் படி இருந்தாலும் முதலில் ஒலியைக் கேட்கவைப்பதே நல்லது. ஒருவர் எங்கே தயங்குகிறார், எங்கே வேகமாகக் கடந்துபோகிறார் என்பது தாளில் தெரியாது.

நினைவு தவறும் என்பது உண்மை. தேதியும் எண்ணிக்கையும் மாறிவிடும். ஆனால் அந்த நாளில் வயிறு எப்படி இருந்தது, யாரைக் கண்டு பயந்தோம் என்பதை ஆயிரம் கோப்புகள் சொல்லாது. தேதிக்குச் செய்தித்தாள், அனுபவத்துக்கு வாய்மொழி என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

பிள்ளைகளே நேர்காணல் செய்யும்போது ஒரு நுணுக்கம் தேவை. “பாட்டி, அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்று கேட்டால், “கஷ்டம்தான் அய்யா” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். “வீவக (அரசின் அடுக்குமாடி) வீட்டுக்கு மாறிய முதல் நாள் ராத்திரி எங்கே படுத்தீங்க? கம்பத்தில (கிராமத்தில) இருந்து எதைக் கொண்டுவந்தீங்க, எதை விட்டுட்டு வந்தீங்க?” என்று கேட்டால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த குடும்பமா? 1971இல் பிரிட்டிஷ் படை வெளியேறியபோது வேலை என்ன ஆனது, பக்கத்து வீட்டுக்காரர்கள் யார் ஊருக்குத் திரும்பினார்கள் என்று கேட்கலாம். கேள்வி சிறியதாக இருக்க இருக்க, பதில் பெரிதாக வரும்.

வீட்டு அலமாரியையும் மறந்துவிடாதீர்கள். பழைய கடப்பிதழ், ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது, ஊரிலிருந்து வந்த நீலநிற வான்மடல், பள்ளித் தேர்ச்சி அட்டை எல்லாமே சான்றுகள். புகைப்படத்தைக் கையில் எடுத்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். ஸ்டூடியோவின் முத்திரையும் பென்சிலில் எழுதிய பெயரும் பல வேளைகளில் முன்பக்கத்தைவிட அதிகம் சொல்லும். இணையத்தில் பார்க்கும் படத்தில் நாம் இழப்பது இந்தப் பின்பக்கத்தை. கூடவே பொருளின் அளவையும் கனத்தையும்.

எங்கே தொடங்கலாம்?

கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் தமிழ் வகுப்புகளுக்கு எளிதான வாசல். அங்கே போனால் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். செட்டிநாட்டு மர நிலைவாசல் ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் பிள்ளைகளை உட்காரவைத்து, பென்சிலால் ஒரு மூலையை மட்டும் வரையச் சொல்லுங்கள். வரையும் கண் பார்க்கும் அளவுக்கு வேறெந்தக் கண்ணும் பார்ப்பதில்லை. ஒரு வகுப்புக்கு ஒரு பொருள், மிஞ்சிப்போனால் இரண்டு. பத்துத் தாள்களைப் பரப்பிவைத்தால் பிள்ளைகள் பத்தையும் மேய்ந்துவிட்டு ஒன்றையும் படிக்காமல் எழுந்துவிடுவார்கள்.

விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறைக்கோ போவதாக இருந்தால், என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அங்கே இருக்கும் நூலகர்களும் காப்பாளர்களும் இந்த வேலையில் ஆசிரியருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய துணை. பழைய தாளின் அருகே பேனா வேண்டாம், பென்சில் போதும், தின்பண்டம் வெளியே இருக்கட்டும் என்ற ஒழுங்கைப் பள்ளியிலேயே சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

தமிழ் வகுப்பில் செய்ய எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி, 1887இல் மகுதூம் சாயபு தொடங்கிய ‘சிங்கை நேசன்’ போன்ற பழைய இதழின் ஒரு பத்தியை அப்படியே அச்செடுத்துக் கொடுப்பது. யானைத் தும்பிக்கைபோல வளைந்த பழைய லை, னை எழுத்துகளைப் பார்த்து முதலில் திகைப்பார்கள். இரண்டு மூன்று வரிகளில் கண் பழகிவிடும். நூறாண்டுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்த் தமிழைத் தாங்களே படிக்க முடிகிறது என்று தெரிந்ததும், மொழிபெயர்ப்பை நம்பியிருக்க வேண்டிய எந்த ஆய்வாளருக்கும் இல்லாத ஒரு வசதி தங்களுக்கு இருப்பதை உணர்ந்துகொள்கிறார்கள்.

அந்த வசதி ஆவணக் காப்பகத்துக்கும் தேவைப்படுகிறது. கையெழுத்து ஆவணங்களைப் படித்துப் படியெடுக்கவும், விவரம் தெரியாத பழைய புகைப்படங்களுக்குக் குறிப்பு எழுதவும் பொதுமக்களைத் தொண்டூழியர்களாகச் சேர்க்கும் திட்டம் ஒன்றைக் காப்பகம் 2015இல் தொடங்கியது. பழைய சிராங்கூன் சாலைப் படங்களை மாணவர்கள் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பார்க்கலாம். கடைப் பலகையில் இருக்கும் தமிழைப் படித்து, கடை எந்த முனையில் இருந்தது, எந்த ஆண்டுவாக்கில் மூடப்பட்டது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்து அனுப்பலாம். விடுமுறையில் ஒரு பிற்பகல் போதும்.